பம்பாயின் மூலைக் கடைகள்

பம்பாய் நகரத்துக்கு 1995-ஆம் ஆண்டில் மும்பை என்று பெயர் மாறிவிட்டது. ஆனால் அதன் தெருமுனைகள் சிலவற்றில் பழைய பம்பாய் இன்னும் குடியிருக்கிறது. அதைக் காண விரும்பும் நேயர்கள் கடற்கரைக்குக் கூடப் போக வேண்டியதில்லை. ஓர் ஈரானி ஹோட்டலுக்குள் நுழைந்து, ஒரு கோப்பைத் தேநீருக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும்.

ஈரானிகள் யார் என்று சிலர் கேட்கலாம். பார்ஸிகளைப் போலவே இவர்களும் ஜரதுஷ்டிர மதத்தினர். ஆனால் பார்ஸிகளின் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குஜராத்தில் வந்து குடியேறிவிட்டார்கள். ஈரானிகளோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னரும், யஸ்த், கெர்மான் முதலிய பிரதேசங்களிலிருந்து வறுமையும் மதத் துன்பமும் தாங்காமல் புறப்பட்டு வந்தவர்கள். கைம்முதல் சொற்பம். தெருமுனையில் கடை வைப்பது ஆகாது என்று ஹிந்து வியாபாரிகள் ஒதுக்கிய இடங்கள் இவர்களுக்குச் சுலபமாகக் கிடைத்தன என்று நகரத்தில் சொல்வார்கள். மூலைக் கடைக்கு இரண்டு தெருக்களின் காற்றும் வெளிச்சமும் உண்டு. இரண்டு தெருக்களின் வாடிக்கையும் உண்டு. பிறர் வேண்டாமென்று தள்ளிய மூலை இவர்களுக்கு அதிர்ஷ்ட மூலையாயிற்று.

தோபி தலாவ் பக்கம் 1904-ல் தொடங்கிய கியானி கடை இவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. உயர்ந்த கூரை, வளைத்துச் செய்த கறுப்பு மர நாற்காலிகள், கட்டம் போட்ட மேஜை விரிப்புகள், கண்ணாடிப் பரணிகளில் பிஸ்கோத்துகள். மேல்தோல் மொறுமொறுவென்றிருக்கும் ‘புருன்’ ரொட்டியைப் பிளந்து, தாராளமாக வெண்ணெய் தடவிக் கொடுக்கிறார்கள். அதைத் தேநீரில் தோய்த்துத்தான் தின்ன வேண்டும். தோய்க்காமல் கடித்தால் பல்லுக்கு உத்தரவாதமில்லை!

நம்மவர் நிறைந்த மாதுங்காவிலும், கிங்ஸ் ஸர்க்கிள் அருகே 1932-ல் ஏற்பட்ட கூலர் கடை உண்டு. இட்டிலிக்கும் காப்பிக்கும் குறைவில்லாத அந்தப் பேட்டையில் ஈரானிக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அவன் விற்றது தேநீர் மட்டுமல்ல. உட்காரும் இடத்தையும் விற்றான். பத்தடி அறையில் எட்டுப் பேர் படுத்துறங்கும் நகரத்தில், ஜாதி மதம் கேளாமல் ஒரு நாற்காலி கொடுத்து, ‘எழுந்திரு’ என்று சொல்லாமல் விட்டுவிடும் கடை எவ்வளவு பெரிய உபகாரம்! குமாஸ்தாவும், டாக்ஸி ஓட்டுகிறவரும், வேலை தேடி வந்த இளைஞனும் ஒரே மேஜையில் பத்திரிகை படித்தார்கள்.

ஒரு காலத்தில் இத்தகைய கடைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. இன்று சில பத்துக்களே எஞ்சியிருக்கின்றன. கியானிக்கு எதிரிலேயே இருந்த புகழ் பெற்ற பஸ்தானி கடை 2004-ல் மூடப்பட்டது. பல கடைகள் வேறு வியாபாரங்களுக்குக் கைமாறின. ஏன் இப்படி ஆயிற்று?

வாடகைதான் காரணம் என்று நினைப்போம். உண்மை சற்று விசித்திரமானது. 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1940-ன் வாடகையையே அடிப்படையாக வைத்தது. 1999-ல் இயற்றிய புதுச் சட்டமும் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வீதமே உயர்த்த இடம் தந்தது. ஆகவே பழைய குடித்தனக்காரர்களான இக்கடைகளைக் காப்பாற்றி வந்ததே அந்தப் பழைய வாடகைதான். ஆனால் அதே சட்டம் வேறொரு சோதனையையும் கொண்டுவந்தது. ‘பகடி’ என்னும் வழக்கப்படி, குடியிருப்பவர் தம் உரிமையை விட்டுக் கொடுத்தால் பெருந்தொகை கிடைக்கும்; வீட்டுக்காரருக்கும் அதில் ஒரு பங்கு. ரொட்டி விற்று ஆயுள் முழுதும் சேர்க்க முடியாத பணம் ஒரே கையெழுத்தில் வந்துவிடும். படித்து வேறு உத்தியோகத்துக்குப் போன பிள்ளைகள், ‘அப்பா, இன்னும் எதற்கு இந்தப் பாடு?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

வாடகை நின்ற இடத்தில் நின்றாலும் மற்றவை நிற்கவில்லை. மாவு, வெண்ணெய், பால், கூலி எல்லாம் ஏறின. கடைக்காரர் வாங்கும் 19 கிலோ எரிவாயு உருளையின் விலை மாதந்தோறும் மாறுகிறது. 2017-ல் வந்த சரக்கு சேவை வரியில் சாதாரண உணவு விடுதிக்கு நூற்றுக்கு ஐந்துதான். ஆனால் தாம் வாங்கும் பொருள்களுக்குக் கொடுத்த வரியை அதில் கழித்துக்கொள்ள வழியில்லை. 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், விறகும் கரியும் எரிக்கும் ரொட்டிக் கடைகள் ஆறு மாதத்தில் தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. நகரத்தின் காற்று சுத்தமாக வேண்டியது நியாயமே. ஆயினும் புது அடுப்புக்கு முதல் போட வேண்டியவன் சிறு கடைக்காரன் அல்லவா?

‘விலையை ஏற்றலாமே’ என்று ஒரு கடையில் கல்லாவிலிருந்த முதியவரைக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மேஜைகளைச் சுட்டிக்காட்டினார். ஒரு கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு நான்கைந்து கிழவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். விலையை ஏற்றினால் முதலில் எழுந்து போகிறவர்கள் அவர்கள்தான். நடைபாதையில் நின்றுகொண்டு அரைக் கோப்பைத் தேநீர் குடிப்பார்கள். ஏற்றாவிட்டால் கடையே எழுந்து போய்விடும். இந்தக் கணக்குக்கு விடை காண என் பள்ளிக்கூட நோட்டுப் புஸ்தகத்தில் வழியில்லை.

லண்டன் மாநகரில் 2010-ல் தொடங்கிய ‘டிஷூம்’ என்னும் உணவு விடுதி இந்த ஈரானிக் கடைகளை மாதிரியாகக் கொண்டது. அங்கே இடத்துக்காக ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். பழைய நாற்காலியையும் கண்ணாடியையும் அங்கே கொண்டுபோக முடிந்தது. ஆனால் சில்லறைக் காசுக்கு ஒரு மணி நேரம் உட்காரும் சுதந்திரத்தைக் கொண்டுபோக முடியவில்லை. அதற்குரிய விலையை அந்த ஊர் கேட்கிறது.

பம்பாய் போகும் நேயர்கள் இக்கடைகளைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாதிருக்க வேண்டுகிறேன். வயிறார உண்ணுங்கள், வீட்டுக்கும் பிஸ்கோத்து வாங்குங்கள். பக்கத்து மேஜையில் ஒற்றைத் தேநீருடன் அமர்ந்திருக்கும் கிழவர் இன்னும் சில நாள் அங்கே உட்கார்ந்திருப்பதற்கு அது சிறிது உதவும்.