கோழி எரு ஊரில் தொட்டிச் செடி

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் ஆண்டகளூர்கேட்டைத் தாண்டினால் ஆங்காங்கே முட்டைக்கோழிக் கொட்டகைகள். எரு பக்கத்திலேயே கிடைப்பதால், வாசலில் இருக்கும் குரோட்டன்ஸ், செம்பருத்தித் தொட்டிகளுக்கும் பச்சையாகவே அள்ளிப் போடுகிறார்கள். வயல் தாங்கும், தொட்டி தாங்காது. ஒரு கூடை மண்ணுக்குள் எருவின் சூடும் அமோனியாவும் வெளியேற வழியின்றி வேரைக் கருக்கிவிடும், பழியோ வெயில்மேல்! மூன்று மாதமாவது மக்கி, வாடை போன எருதான் ஆகும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு என்றால் எரு அரைப் பங்கு போதும்.

புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் சரி. மிகப் பெரிதானால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி அழுகல் வரும். இந்தப் பக்கத்து வெயிலுக்கு மண்தொட்டியே நல்லது. தண்ணீர் மட்டும் அடிக்கடி கேட்கும். அடி ஓட்டைமேல் ஓட்டுச்சில் வைத்து, மாலையில் மாற்றி நட்டு, பத்து நாள் நிழலில் வைக்கவும்.