பாப்பாரப்பட்டியில ஒரு ஞாபக மாளிகை

ஒரு சின்ன டெஸ்ட். கண்ணை மூடிக்கிட்டு உங்க வீட்டு வாசல்ல இருந்து தெருமுனை வரைக்கும் மனசுக்குள்ள நடந்து போங்க. எந்த வீட்டு கேட் என்ன கலர், எந்தத் திண்ணையில யார் உட்கார்ந்திருப்பாங்க, நாய் எங்க படுத்திருக்கும், எல்லாம் வருதா? இதை நீங்க எந்த செமஸ்டருக்கும் மனப்பாடம் பண்ணலை. ஆனாலும் மறக்கலை. அப்புறம் எப்படி 'எனக்கு மெமரி பவர் கம்மி'ன்னு சொல்றோம்?

நானும் அப்படிச் சொன்ன ஆள்தான். இங்கிலீஷ் மீடியத்துல 'பை ஹார்ட்'னா ஒரே வரியைப் பத்து தடவை படிக்கிறது. பரீட்சை முடிஞ்ச மறுநாளே காலி.

கிரேக்கர்கள் சுமார் 2500 வருஷத்துக்கு முன்னாடியே வேற வழி கண்டுபிடிச்சாங்க. சைமனைடிஸ் என்ற கவிஞரைப் பற்றி ரோமானியப் பேச்சாளர் சிசரோ ஒரு கதை எழுதியிருக்கிறார். விருந்து நடந்த மண்டபத்தின் கூரை இடிந்து விழுந்தது. சற்று முன் வெளியே போன சைமனைடிஸ் தப்பித்தார். உள்ளே இருந்தவர்களின் உடல்கள் அடையாளமே தெரியலை. யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்னு நினைச்சுப் பார்த்தே ஒவ்வொருத்தரையும் அவர் அடையாளம் காட்டினாராம். இடம் ஞாபகம் வந்தா ஆளும் ஞாபகம் வருவார். அவ்வளவுதான் டெக்னிக்.

அரண்மனைக்கு நான் எங்க போக? பாப்பாரப்பட்டியையே எடுத்துக்கிட்டேன். ஓ.எஸ்.ஐ. மாடலின் ஏழு லேயரை ஊர்ல வரிசையா வெச்சேன். எங்க வீட்டு வாசல் கோலத்து மேல பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கிற கேபிள், பிசிக்கல். டீக்கடையில கிளாஸை எல்லாம் சங்கிலியில கட்டி வெச்சிருக்காங்க, டேட்டா லிங்க். புளியமரம் முழுக்க சிலந்தி வலை, நெட்வொர்க். பஸ் ஸ்டாண்டு, சொல்லவே வேணாம், டிரான்ஸ்போர்ட். பள்ளிக்கூட மணி விடாம அடிக்குது, செஷன். போட்டோ ஸ்டுடியோவுல மாப்பிள்ளைக்கு மேக்கப், பிரசன்டேஷன். கடைசியா, 1925-ல் எங்க ஊரில் உயிர் நீத்த சுப்பிரமணிய சிவாவின் மணிமண்டபம். வாசல்ல அப்ளிகேஷன் ஃபார்மோட நீளமான க்யூ. படம் எவ்வளவு கிறுக்குத்தனமா இருக்கோ, அவ்வளவு நல்லா ஒட்டிக்கும்.

இது ஜீனியஸ்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. 2017-ல் 'நியூரான்' இதழில் வந்த ஆய்வில், சாதாரண ஆட்கள் 6 வாரம், தினமும் அரை மணி நேரம் இதைப் பழகினாங்க. 72 சொற்கள் உள்ள பட்டியலில் முதலில் சராசரியாக 30-க்குள்தான் சொன்னாங்க. பயிற்சிக்குப் பிறகு அது 60-ஐத் தாண்டியது.

நம்ம பக்கத்திலும் ஞாபகத்தை ஒரு கலையா வளர்த்திருக்காங்க. 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம்.

அவ்வளவு தூரம் கூட போக வேணாம். எங்க ஆயா, அப்பாவோட அம்மா, பள்ளிக்கூடம் போனதில்லை. எங்க அத்தை கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் வெச்சாங்கன்னு நோட்டைப் பார்க்காமலே சொல்லும். எப்படி ஆயான்னு கேட்டேன். "தெருவுல வூடு வூடா போய் வருவேன் கண்ணு" என்றது. அதுல சில வீடு இப்போ இல்லை. ஆயா இன்னும் அங்க நின்னுட்டுதான் அடுத்த வீட்டுக்குப் போகுது.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இந்த முறை வரிசையை ஞாபகம் வெச்சுக்கும். டெரிவேஷனைப் புரிய வைக்காது. புரிஞ்சு படிக்கிறதுக்கு மாற்று இல்லை.

இன்னும் சில மாசத்துல நாம வேலைக்காக ஊரை விட்டுப் போயிடுவோம். இந்த மாளிகைக்குத் தேவையானது கால் பழகின ஒரு இடம்தான். 'எங்க ஊர்ல என்ன இருக்கு'ன்னு சொல்ற ஊரா இருந்தாலும் போதும். அடுத்த லீவுல ஃபோனை வீட்டுல வெச்சுட்டு, உங்க தெருவுல ஒரு தடவை மெதுவா நடந்துட்டு வாங்க.