மூடுவது யார் வேலை?

மற்றவர் எழுதிய ஜாவா கோடைப் படிக்க உட்கார்ந்தால், திறந்த ஃபைலும் டேட்டாபேஸ் கனெக்‌ஷனும் எங்கே மூடப்படுகின்றன என்றுதான் முதலில் தேடுவேன். மூடுகிற வரி ‘ஃபைனலைஸ்’ மெத்தடுக்குள் இருந்தால் மேற்கொண்டு படிக்க மாட்டேன். அதை முதலில் பேசி முடித்தாக வேண்டும்.

ஒரு ஆப்ஜெக்ட் கைவிடப்பட்டதைக் கார்பேஜ் கலெக்டர் கண்டுபிடித்த பிறகுதான் ஃபைனலைஸ் ஓடும். அந்தக் கலெக்டருக்குத் தெரிந்த பற்றாக்குறை மெமரி ஒன்றுதான். ஹீப் நிரம்பி வந்தால்தான் கிளம்பும். ஒரு கனெக்‌ஷன் ஆப்ஜெக்ட் ஹீப்பில் அடைக்கிற இடம் அற்பம். ஆனால் மறுமுனையில் டேட்டாபேஸ் தன்னிடம் உள்ள கொஞ்ச இடங்களில் ஒன்றை நமக்காகப் பிடித்து வைத்திருக்கிறது. மெமரி தாராளமாக இருந்தால் கலெக்டருக்கு அவசரமே இல்லை, கனெக்‌ஷன்கள் தீர்ந்துபோகும். ஹீப்பைப் பெரிதாக்கினால் இந்தச் சிக்கல் கூடுமே தவிரக் குறையாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கலெக்டர் வந்துவிட்டாலும் ஃபைனலைஸ் உடனே ஓடாது. கைவிடப்பட்ட ஆப்ஜெக்ட் ஒரு வரிசையில் போய் நிற்கும். அதற்கென்று உள்ள த்ரெட் ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டும். மெமரி கைக்கு வர இன்னொரு சுற்று ஆகும். முன்னால் நிற்கும் ஒன்று ஏதோ லாக்குக்காகக் காத்திருந்தால் பின்னால் உள்ளவை அப்படியே தேங்கும். உள்ளே எக்ஸப்ஷன் எழுந்தால் யாருக்கும் தெரியாமல் மறைந்துபோகும். ஃபைனலைஸுக்குள் ‘திஸ்’ஸை ஒரு ஸ்டாட்டிக் மாறியில் போட்டுவிட்டால் செத்த ஆப்ஜெக்ட் உயிர்பெற்று எழுந்துவிடும். மறுபடி சாகும்போது ஃபைனலைஸ் அழைக்கப்படாது.

2017-இல் ஜாவா 9 ஃபைனலைஸைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. 2022-இல் ஜாவா 18 நீக்கப்போவதாகவே அறிவித்தது. மாற்று வழி 2011-இலேயே, ஜாவா 7-இல் வந்துவிட்டது: ட்ரை-வித்-ரிசோர்சஸ். பிளாக்கை விட்டு எப்படி வெளியேறினாலும், எக்ஸப்ஷனோடு வெளியேறினாலும்கூட, திறந்தவை எல்லாம் தலைகீழ் வரிசையில் மூடப்படும். எந்த வரியில் மூடுகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். எனக்கு அந்த நிச்சயம்தான் வேண்டும்.

யாராவது மூட மறந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஜாவா 9-இல் வந்த ‘கிளீனர்’ இருக்கிறது. அதையும் கடைசித் தடுப்பாக மட்டுமே வைப்பேன். ஒரு ஆப்ஜெக்ட் கைவிடப்பட்டதும் ஓட்டும்படி அதற்குக் கொடுக்கிற லாம்டா அந்த ஆப்ஜெக்டின் ஒரு ஃபீல்டைத் தொட்டாலே போதும், ‘திஸ்’ உள்ளே பிடிபட்டுவிடும். பிறகு ஆப்ஜெக்ட் கைவிடப்பட்டதாகவே ஆகாது, கிளீனரும் அதற்காக ஓடாது. அதனால் துப்புரவு வேலையை எப்போதும் தனி ஸ்டாட்டிக் கிளாஸில் எழுதச் சொல்கிறேன்.