பன்னியும் கொறங்காடும்

குஜராத் மாநிலத்தின் கட்ச் மாவட்டத்தில், புஜ் நகருக்கு வடக்கே, பன்னி என்னும் புல்வெளி விரிந்து கிடக்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர். அதற்கு அப்பால் உப்புப் படர்ந்த பெரிய ரண் நிலம். பணிமாறுதல் பெற்று நான் புஜ் நகருக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. படைப்பிரிவுகளிலும் துறைமுகத்திலும் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விருப்பப் பாடமாகத் தமிழ் கற்பிக்கிறேன். காங்கேயத்துக்கு அருகில் மாடுகளோடு வளர்ந்தவள் ஆதலின், எந்த ஊருக்குச் சென்றாலும் அங்குள்ள கால்நடைகள் என்ன தின்கின்றன என்பதையே என் கண் முதலில் தேடும். கோயிலும் கடைத்தெருவும் பிறகுதான்.

பன்னியில் கால்நடை வளர்ப்போரை மால்தாரிகள் என்பர். 'மால்' என்பது கால்நடையையும் செல்வத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல். 'தாரி' என்றால் உடையவர். பழந்தமிழிலும் 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் உண்டு. இதை வகுப்பில் கூறியபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அப்படியானால் நம் தாத்தாக்களும் மால்தாரிகள்தானே, மேடம்?" என்று கேட்டாள். அவளுடைய தந்தை படைப்பிரிவில் கால்நடை மருத்துவர். அவர் துணையோடுதான் நான் முதன்முறையாகப் பன்னிக்குச் சென்றேன்.

பன்னி எருமை 2010ஆம் ஆண்டில் தனி இனமாக ஏற்கப்பட்டது. அதன் கொம்புகள் இருமுறை சுருண்டு காதோரம் படிந்திருக்கும். கோடையில் அங்கு வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டும். எருமையின் தோல் கருமையானது. வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. நண்பகல் வெயிலில் அதனால் மேய இயலாது. ஆகவே மால்தாரிகள் அதை இரவில் மேயவிடுகின்றனர். பொழுது சாய்ந்ததும் எருமைகள் மணியோசையோடு கூட்டமாகப் புறப்படுகின்றன. பெரும்பாலும் உடன் எவரும் செல்வதில்லை. இரவெல்லாம் பல கிலோமீட்டர் நடந்து மேய்ந்துவிட்டு, விடியற்காலையில் தத்தம் வீட்டு முற்றத்துக்கே திரும்பி வந்து பால் கறக்க நிற்கின்றன. "எப்படித் தவறாமல் திரும்புகின்றன?" என்று ஒரு முதியவரிடம் கேட்டேன். "கன்று இங்கே இருக்கிறது. கறக்கும்போது பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் இங்கேதான் கிடைக்கிறது. வழி எருமைக்குத் தெரியும், தூக்கம் எங்களுக்கு வேண்டும்" என்றார் அவர்.

திரும்பும் வழியில் மருத்துவரிடம் குதிரையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. எங்கள் தெருவில் திருமண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுபவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய குதிரையின் காதுகள், கத்தியவாரி இனத்துக்கே உரியவாறு, நுனியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அது எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டே நிற்பதைக் கண்டு, பெருந்தீனிக்காரக் குதிரை என்று எண்ணியிருந்தேன். மருத்துவர் சிரித்துவிட்டு, பசுவும் குதிரையும் புல் தின்பதில் மட்டுமே ஒன்று, அதைச் செரிப்பதில் முற்றிலும் வேறு என்று விளக்கினார்.

பசுவின் வயிறு நான்கு அறைகளை உடையது. முதல் அறையாகிய பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். பசு விரைவாக மேய்ந்து அதை நிரப்பிக்கொண்டு, நிழலில் படுத்து அசைபோடும். பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கச் செய்து பசுவுக்கு உணவாக்கித் தருகின்றன. குதிரைக்கோ ஒரே இரைப்பை. அதுவும் பதினைந்து லிட்டருக்கு மேல் கொள்ளாது. நார்ப்பொருள் பின்குடலில்தான் செரிக்கிறது. ஆகவே குதிரை சிறிது சிறிதாக, நாளில் ஏறத்தாழ 16 மணி நேரம் மேயும்படி அமைந்த விலங்கு. அதனால் வாந்தியெடுக்கவும் இயலாது. ஒரே வேளையில் தானியத்தை மிகுதியாகத் தின்றுவிட்டால், வயிறு பொருமி, குடல்வலியால் புரண்டு உயிரையே விடக்கூடும். உலர்புல் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். தானியத்தைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எந்தப் புதுத் தீவனத்தையும் ஒரு வாரமாவது கலந்து கலந்து பழக்க வேண்டும்.

இங்கே ஒரு பழைய செய்தி. பாண்டிய நாட்டுக்கு அரபு நாட்டுக் குதிரைகள் கடல்வழியே ஆண்டுதோறும் பெருந்தொகையாக வந்திறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, அக்குதிரைகளுக்குச் சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் கொடுத்தனர் என்றும், பேணத் தெரியாமையால் அவை விரைவில் மடிந்தன என்றும் எழுதியிருக்கிறார். அயல்நாட்டார் ஒருவரின் கூற்று அது. முழுவதும் நம்ப வேண்டியதில்லை. ஆயினும் புல்வெளியில் பிறந்த விலங்கு நெல்வயல் நாட்டில் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பின்னாளில் கொள்ளு நம் நாட்டுக் குதிரைகளின் தீவனம் ஆயிற்று. ஆங்கிலத்தில் அதற்குக் குதிரைப் பயறு என்றே பெயர்.

மேயும் முறையும் விலங்குக்கு விலங்கு மாறும். பசுவுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இல்லை. நாக்கால் புல்லைச் சுற்றி வளைத்து இழுத்துத் தின்கிறது. அதனால் சற்று நீண்ட புல் வேண்டும். குதிரைக்கு இருவரிசைப் பற்களும் உண்டு. தரையை ஒட்டக் கடித்துவிடும். செம்மறியாடும் அவ்வாறே தரையோடு கறிக்கும். வெள்ளாடு புல்லைவிடத் தழையையே விரும்பும். ஒரே நிலத்தில் முதலில் மாட்டையும், அது விட்டதைக் கறிக்கச் செம்மறியையும் விடுவது எங்கள் ஊர் வழக்கம். மாற்றி விட்டால் மாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது.

எங்கள் ஊர் என்றேன். காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பகுதிகளில் மழை குறைவு. மண்ணும் சரளை கலந்த செம்மண். அங்கு உழவுக்குப் பயன்படாத மேட்டு நிலங்களைக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமாக நம் முன்னோர் பேணினர். நிலத்தைச் சுற்றி முட்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறும். இடையிடையே வெள்வேல மரங்கள். கோடையில் புல் காய்ந்தபோது வெள்வேலங்காய்கள் உதிர்ந்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனியாகும். எங்களுக்கு எட்டு ஏக்கர் கொறங்காடு உண்டு. அதைக் கிளுவை வேலியால் நான்காகப் பிரித்திருந்தனர். ஒரு காட்டில் மாடுகள் மேயும்போது மற்றவை சாத்தப்பட்டிருக்கும்.

தந்தையின் தந்தையை நாங்கள் அப்பாரு என்று அழைப்போம். முதல் மழை பெய்து நான்கைந்து நாள்களில் கொறங்காடு முழுவதும் பச்சை பூக்கும். ஆறு மாதமாகச் சோளத்தட்டையே தின்று சலித்த மாடுகள் படலருகே நின்று கத்தும். அப்பாரு படலைத் திறக்கமாட்டார். மாடு பட்டினி கிடக்கிறதே என்று வழியில் போவோர் ஏசினாலும் திறக்கமாட்டார். கொழுக்கட்டைப் புல்லின் தூர், வேரில் சேமித்து வைத்த உணவைச் செலவழித்தே முதல் தளிரை விடுகிறது. அத்தளிர் வளர்ந்து, வெயிலில் உணவு ஆக்கி, வேருக்குத் திருப்பித் தருவதற்குள் கடிக்கப்பட்டால் மீண்டும் சேமிப்பிலிருந்தே துளிர்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை அவ்வாறு நேர்ந்தால் தூரே செத்துவிடும். முழங்கால் உயரம் வளர்ந்த பிறகு மாட்டை விடுவதும், நான்கு விரல் உயரம் எஞ்சியிருக்கும்போதே வெளியேற்றுவதும் அவருடைய கணக்கு.

திறக்கும் நாளிலும் ஒரு முறை உண்டு. காலையில் உலர்ந்த தட்டைப் போட்டு அரைவயிறு நிரப்பிவிட்டு, பனி உலர்ந்த பின் ஒரு மணி நேரம் மட்டும் மேயவிடுவார். மறுநாள் இரண்டு மணி நேரம். வெறும் வயிற்றோடு இளம்புல்லில் பாய்ந்தால் வயிறு உப்பிவிடும் என்பார். மழையின்றி வாடிய இளஞ்சோளப் பயிரின் பக்கம் மாட்டைப் போகவே விடமாட்டார். அதில் ஊறும் நஞ்சு சிறிது நேரத்தில் மாட்டைச் சாய்த்துவிடும்.

நான் ஏழாம் வகுப்பில் படித்த ஆண்டு மழை பொய்த்தது. எங்களிடம் அப்போது ஆறு மாடுகள். நானூறு கிலோ எடையுள்ள ஒரு பசுவுக்கு, நீர்ச்சத்து நீங்கலாக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ உணவு வேண்டும். பசும்புல்லில் முக்கால் பங்கு நீர் என்பதால், புல்லாகத் தருவதானால் 40 கிலோ. மாசி மாதத்திலேயே தட்டுப்போர் தீர்ந்தது. மூன்று காடுகள் தரை தெரிய மேய்ந்தாயின. நான்காவதில், இரண்டாம் ஆண்டாக ஓய்வில் இருந்த வடக்குக் காட்டில் மட்டும், காய்ந்த புல் தூரோடு நின்றது. அதைத் திறந்துவிடலாம் என்றார் அம்மா. அப்பாவும் அவ்வாறே எண்ணினார். அப்பாரு ஒரு நாள் முழுவதும் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் நான் கையால் கழுநீர் காட்டி வளர்த்த மயிலைக் காளை இரண்டையும் சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிச் சென்றார். பஞ்சத்து விலைக்கே விற்றார். எஞ்சிய நான்கு மாடுகளும் வாங்கிய வைக்கோலிலும் வெள்வேலங்காயிலும் கோடையைக் கடந்தன.

நான் அவரிடம் பத்து நாள் பேசவில்லை. ஐப்பசியில் மழை வந்தபோது வடக்குக் காட்டில் புல் இடுப்பளவு எழுந்தது. அதன் விதை காற்றில் பறந்து மற்றக் காடுகளிலும் விழுந்தது. அந்தக் கோடையில் திறந்துவிடப்பட்ட பக்கத்துக் காடுகளிலோ ஆவாரையும் துத்தியுமே மண்டின. ஆனால் அந்த மயிலை இணைக்கு ஈடான வேறோர் இணை எங்கள் தொழுவத்துக்கு வரவே இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இக்கதையை அந்த மால்தாரி முதியவருக்கு, மருத்துவர் இந்தியில் எடுத்துச் சொன்னார். அவர் புல்லுக்கு ஓய்வு தருவதைப் பற்றி வியக்கவில்லை. வேலியைப் பற்றித்தான் வியந்தார். "வேலி போட்டால் எருமை எங்கே போகும்?" என்றார். பன்னியில் மழை எல்லா இடத்திலும் ஒருசேரப் பெய்வதில்லை. ஓரிடத்தில் பெய்தால் பத்துக் கல் தொலைவில் வறண்டிருக்கும். மந்தை மழையைத் தொடர்ந்து நகர்கிறது. அது விட்டுச் சென்ற இடத்தில் புல் ஓய்வு கொள்கிறது. ஆகவே அந்நிலம் எவருக்கும் தனியே பிரிக்கப்படாமல் பொதுவாகவே இருக்க வேண்டும் என்கின்றனர். அண்மைக் காலத்தில் சிலர் ஆங்காங்கே வேலியிட்டு உழத் தொடங்கியிருப்பதுதான் அவர்களுடைய பெருங்கவலை. எங்கள் எட்டு ஏக்கரிலோ வேலி இல்லையென்றால் புல்லுக்கு ஓய்வே இல்லை. அங்கே புல்லைக் காப்பது வேலி. இங்கே புல்லைக் கெடுப்பது வேலி. இருவரும் சற்று நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இரு நிலங்களுக்கும் பொதுவான தொல்லை ஒன்றும் உண்டு. நாம் சீமைக் கருவேலம் என்று அழைக்கும் மரத்தை அங்கே 'காண்டோ பாவல்', அதாவது பித்துப் பிடித்த வேலம், என்கின்றனர். ரண் நிலத்து உப்பு பரவாமல் தடுக்கவென 1960களில் அதைப் பன்னியில் விதைத்தனர். இன்று அது புல்வெளியின் பெரும்பகுதியை மூடிவிட்டது. அதன் காய் இனிப்பானது. பசுக்கள் அதையே மிகுதியாகத் தின்னும்போது பெருவயிற்று நுண்ணுயிர்களின் நிலை குலைந்து நோயுறுகின்றன. விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து, அந்த எருவிலேயே முளைக்கிறது. மாடே மரத்தை நட்டுச் செல்கிறது என்று சொல்லலாம். அதன் கரியை விற்றுப் பிழைப்போரும் அங்கு உண்டு என்பதால், முற்றும் வெட்டிவிடுவோம் என்று எளிதில் கூறிவிட இயலாது.

சென்ற கோடையில் என் தம்பி தொலைபேசியில் அழைத்தான். அவன் திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறான். வீட்டுமனை போடுவதற்காகக் கொறங்காட்டைக் கேட்டு ஒருவர் வந்தாராம். "அப்பாவால் வேலி கட்ட முடியவில்லை, அக்கா. கிளுவை பல இடங்களில் பட்டுப்போயிற்று. ஊர் ஆடெல்லாம் நம் காட்டில்தான். இருப்பது இரண்டு பசு. அதற்கு எட்டு ஏக்கரா?" என்றான். அவன் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. வட்டியும் பிள்ளைகளின் படிப்பும் அவனுக்கு இருக்கின்றன. இரண்டு நாள் கழித்து அவனிடம், என் பங்கை விற்க எனக்கு விருப்பமில்லை என்றும், வேலி அடைக்கும் செலவை நான் ஏற்கிறேன் என்றும் கூறினேன். முதலில் வடக்குக் காட்டை மட்டும் அடைப்பதென்று முடிவாயிற்று. மழைக்கு முன் கிளுவைப் போத்துகளை வெட்டி நட்டனர். அவை அடர்ந்து வேலியாக மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை இடைவெளிகளில் முள் வைத்து அடைத்திருக்கிறார்கள். மற்ற மூன்று காடுகளைப் பற்றித் தம்பி இன்னும் மனம் திறக்கவில்லை.

ஆடி மாத இறுதியில் அப்பா பேசினார். போத்துகளில் பாதிக்கு மேல் துளிர்த்துவிட்டன என்றார். பன்னி எருமை எவ்வளவு பால் கறக்கும் என்று கேட்டார். பிறகு, "முந்தாநாள் மழை பேஞ்சுது, அம்மிணி. வடக்குக் காட்டுப் படலைச் சாத்திக் கட்டிப் போட்டேன். செவலைப் பசு அங்கேயே நின்னு கத்திக்கிட்டிருக்குது" என்றார்.