நஞ்சே பரிசமாக

அபிராமபுரம், சென்னை.

அன்புள்ள நண்பருக்கு,

மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் இடையிலுள்ள அபிராமபுரத்திற்கு வருவோர் கோயில்களையும் கடற்கரையையும் நாடுவது வழக்கமெனினும், பூச்சியினங்களில் நாட்டமுடையோர் காண வேண்டியவை இப்பகுதியின் காலிமனைகளும் ஆற்றோரப் புதர்களுமே ஆகும். பருவமழைக்குப் பின் இத்தகைய நிலங்களில் தழைக்கும் தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை ஆகிய செடிகளை அண்டி வாழ்வது, பகலில் பறக்கும் யூடெதீசா என்னும் அந்துப்பூச்சிப் பேரினம்.

இப்பேரினத்தில் லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட புல்கெல்லா என்ற இனம், வெளிறிய முன்சிறகுகளில் செம்புள்ளிகளும் கரும்புள்ளிகளும் இறைந்திருக்க, சிறகு விரிந்த நிலையில் ஏறத்தாழ 3 முதல் 4 செ.மீ. அகலமே உடையது. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்திருக்க, இதன் உணர்கொம்போ இறுதிவரை நூல்போல் மெலிந்திருக்கும். புல்லை மிதித்தால் எழுந்து சிறிது தொலைவு பறந்து, மீண்டும் புல்லடியில் அமர்ந்து சிறகுகளை உடலோடு ஒட்டிச் சுருட்டிக்கொள்ளும்.

பறவைகள் விழித்திருக்கும் வேளையில் இத்தனை பகட்டாகத் திரிய இதற்குத் துணை நிற்பது நஞ்சாகும். மேற்கூறிய செடிகள் தற்காப்புக்காக உண்டாக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்னும் கசப்பு நஞ்சைப் புழுப்பருவத்திலேயே உண்டு உடலில் சேர்த்துக்கொள்ளும் இப்பூச்சி, வளர்ந்த பின்னும் அதை இழப்பதில்லை. இதன் அமெரிக்க உறவினமான ஆர்னாட்ரிக்சை ஆராய்ந்த கார்னெல் பல்கலைக்கழகத்துத் தாமஸ் ஐஸ்னர், வலையில் சிக்கிய அப்பூச்சியைச் சிலந்தி தொட்டுப் பார்த்ததும் இழைகளைத் தானே அறுத்து விடுவிப்பதையும், நஞ்சில்லா உணவில் வளர்க்கப்பட்டவற்றை அதே சிலந்தி தின்றுவிடுவதையும் காட்டினார். ஆண்பூச்சி அந்நஞ்சிலிருந்தே மணப்பொருளை ஆக்கி, வயிற்று நுனியின் மயிர்க்கற்றைகளை விரித்துப் பெண்ணை ஈர்க்கிறது; புணர்ச்சியின்போது விந்துப்பொதியோடு நஞ்சையும் பரிசம்போல் அளிக்க, பெண் அதைத் தன் முட்டைகளில் ஏற்றி வைக்கிறது.

எனவே இவ்வினத்திற்குத் தேனூறும் அழகுமலர்கள் மட்டும் போதா. களையென்று பிடுங்கப்படும் செடிகளே அதற்கு உணவும் அரணும் ஆகின்றன. அடையாற்றுக் கழிமுகத்தை மீட்டு 2011-இல் 58 ஏக்கரில் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா அருகிலேயே உள்ளது. எனினும் மனைகளின் மூலைகளிலும் சிறிது களை விட்டுவைக்கப்பட்டால், பூங்காவின் வேலிக்கு வெளியேயும் இப்பூச்சி வாழ இடமிருக்கும். தங்கள் ஊரிலும் தோட்டத்தைத் துப்புரவு செய்வோரிடம் இதைச் சொல்லிவைப்பது நன்று.

அன்புடன்,
தங்கள் நண்பர்