மேற்கோள் கணக்கு

கல்லூரி ஆசிரியப் பதவிக்கு விண்ணப்பம் செய்கிறவரை நோக்கி, எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டீர், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோளாகக் காட்டினர் என்று வினவுவது இன்று வழக்கமாகிவிட்டது. விஞ்ஞான மேற்கோள்களைத் தொகுத்துக் காட்டும் பேரட்டவணையை அமெரிக்காவில் யூஜீன் கார்ஃபீல்டு 1964-இல் வெளியிட்டார். 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் அந்தக் கணக்கை ஒரே எண்ணாகச் சுருக்கிவிட்டார். ஒருவருடைய கட்டுரைகளில் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 10 முறையேனும் மேற்கோளாகியிருப்பின் அவர் 10 என்னும் எண்ணுக்கு உரியவர். ஒரே கட்டுரை எழுதி, அஃது ஆயிரம் முறை எடுத்தாளப்பட்டாலும் அவருக்குரிய எண் 1 தான்!

நம் மூத்த மகள் உளவியல் ஆராய்ச்சி செய்கிறவள். ஆகவே இந்த எண் நம் வீட்டு அடுப்பங்கரை வரையில் வந்துவிட்டது. ஊர் விட்டு ஊர் வந்த நம் போன்ற குடும்பங்களுக்குப் பரிந்து பேச மாமனும் மைத்துனனும் இல்லாத இடத்தில், அச்சேறிய ஓர் எண் துணை நிற்கக்கூடும். அதனை ஏளனம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. ஆயினும், நான்கு ஆண்டுகள் உழைத்து எழுதிய ஒரே கட்டுரையை மூன்றாக வெட்டி மூன்று ஏடுகளுக்கு அனுப்பு, கணக்குக் கூடும் என்று மூத்தோர் சிலர் அவளுக்கு அறிவுரை கூறியபோது நமக்குத் திகைப்பே உண்டாயிற்று. அவள் மறுமொழியாக ஜமுனா பிரசாத்தின் வரலாற்றை எடுத்துரைத்தாள்.

1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரைப் பெருநிலநடுக்கம் உலுக்கியது. அதன் பின் மக்களிடையே பரவிய வதந்திகளைப் பாட்னாவிலிருந்த பிரசாத் திரட்டினார். சந்திர கிரகணத்தன்று மீண்டும் கொடிய நடுக்கம் வரும் என்பது அவற்றுள் ஒன்று. அதிர்ச்சியை உணர்ந்தும் அழிவைக் கண்ணால் காணாத பகுதிகளில் இத்தகைய பேச்சு மிகுந்திருந்தது. 1935-இல் அவருடைய கட்டுரை பிரிட்டிஷ் உளவியல் ஏட்டில் வெளிவந்தது. பின்னர் டார்ஜிலிங் மலைச்சரிவில் அழிவை நேரிற் கண்ட மக்களை துர்கானந்த் சின்ஹா ஆராய்ந்தார். அங்கே அச்சத்தைப் பெருக்கும் வதந்திகள் எழவில்லை என்று 1952-இல் எழுதினார்.

அஞ்சியிருப்பவன் மேலும் அஞ்சத்தக்க கதையை ஏன் நம்பவேண்டும்? அமெரிக்க அறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கரை இந்தக் கேள்வி பற்றிக்கொண்டது. நெஞ்சில் அச்சம் இருக்கிறது, கண்ணெதிரே காரணம் இல்லை; அச்சத்துக்கு ஏற்ற காரணத்தை வதந்தி வழங்குகிறது என்பது அவர் கண்ட விடை. ஒன்றோடொன்று ஒவ்வாத எண்ணங்களைச் சுமக்கும் மனம் அந்த முரணைத் தணிக்க வழி தேடும் என்னும் அவருடைய கொள்கை இதிலிருந்தே கிளைத்தது. 1957-இல் வந்த தம் நூலில் பிரசாத்துக்குரிய பங்கை அவர் மறைக்காமல் கூறினார். அந்நூல் சமூக உளவியலில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் நூல்களுள் ஒன்று. ஆனால் அதனை எடுத்தாளுவோர் பெரும்பாலும் பாட்னா வரையில் திரும்பிப் பார்ப்பதில்லை. பிரசாத்தின் கணக்கில் வரவு அதற்கேற்ப ஏறவுமில்லை.

இதற்கு நேர்மாறாக, ஜெர்மனியில் பிறந்து இலண்டனில் குடியேறிய ஹான்ஸ் ஐசெங்க் மேற்கோள் கணக்கில் மலையளவு உயர்ந்தவர். 2002-இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், உளவியல் ஏடுகளின் மேற்கோள்களில் ஃபிராய்டு, பியாஜே ஆகிய இருவருக்கும் அடுத்த இடம் அவருக்கே. அவர் மறைந்தது 1997-இல். ஆளுமைக்கும் புற்றுநோய், இதயநோய் முதலியவற்றுக்கும் தொடர்பு கூறி அவர் கூட்டாக எழுதிய 26 கட்டுரைகள் நம்பத்தக்கன அல்ல என்று இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் விசாரணை 2019-இல் முடிவு செய்தது. அவரை மறுத்து எழுதியவர்களின் மேற்கோளும் அவர் கணக்கில் வரவாகத்தான் சேர்ந்திருக்கும்! பேரேட்டுக்கு ஏச்சும் புகழ்ச்சியும் ஒன்றே.

நம் சங்கத்து அன்பர்களில் தேர்வுக் குழுக்களில் அமர்கிறவர்கள் உண்டு. எதிரே நிற்கும் பிள்ளையின் எண்ணைக் கேளுங்கள், வேண்டாம் என்னவில்லை. அவர் எழுதியவற்றுள் ஒன்றையாவது முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு அமருங்கள். நம் மகள் கட்டுரையை வெட்டாமல் முழுதாகவே அனுப்பியிருக்கிறாள். அடுத்த மாதம் அவளுக்கு நேர்காணல். அதற்குள் ஏட்டிலிருந்து பதில் வருமா என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.