உள்ளுறை வெப்பம்

பள்ளி அறிவியலில், ஏற்கெனவே தெரியும் என்ற எண்ணத்தோடு மாணவர்கள் நுழையும் பாடம் ஒன்று உண்டென்றால் அது வெப்பம்தான். அணுவைப் பற்றிச் சிறுவர்களுக்கு முன்கருத்து எதுவும் இருப்பதில்லை. சூட்டைப் பற்றி எல்லோருக்கும் இருக்கிறது. சோறு சூடாக இருக்கிறது, உடம்பு சுடுகிறது, அவர் சூடாகப் பேசிவிட்டார், சூடு சொரணை வேண்டாமா என்று ஒரே சொல்லைக் கொண்டு அடுக்களை முதல் அரசியல் வரை நடத்திவிடுகிறோம். ஏழாம் வகுப்பு வாக்கில் அச்சொல் வெப்பம், வெப்பநிலை என்று இரண்டாகப் பிளக்கப்படுகிறது. முன்னது இடம்விட்டு இடம் பாயும் ஆற்றல். பின்னது அவ்வாற்றல் எங்கிருந்து எங்கே பாயும் என்பதைச் சொல்லும் அளவு.

தூத்துக்குடியை ஒட்டிய கடலோரப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்ற நாங்கள், 'வேறுபாடு தருக' என்ற வினாவுக்காக இதை மனனம் செய்தோம். எங்களில் பாதிப்பேர் உப்பளத் தொழிலாளரின் பிள்ளைகள். ஆசிரியர் ஒருநாள் மண்வெட்டியைக் கொண்டுவந்து இரும்பையும் காம்பையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இரவு முழுவதும் ஒரே அறையில் கிடந்தவை. வெப்பநிலை இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் இரும்பு குளிர்ந்தது, மரம் குளிரவில்லை. இரும்பு நம் விரலின் வெப்பத்தை விரைந்து கடத்திக்கொண்டு போகிறது. மரம் அவ்வளவு விரைவாகக் கடத்துவதில்லை. தோல் உணர்வது வெப்பநிலையை மட்டுமன்று, வெப்பம் பாயும் வேகத்தையும்தான் என்றார். அந்தப் பாடத்தின் மிக ஆழமான வாக்கியம் அதுவே என்று இப்போது தோன்றுகிறது.

இப்பிளவை முதலில் தெளிவாகக் கண்டவர்களுள் ஒருவர் ஜோசப் பிளாக். 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், உருகும் பனிக்கட்டிக்கு எவ்வளவு வெப்பம் ஊட்டினாலும், அது முழுவதும் உருகித் தீரும்வரை வெப்பமானி அசைவதில்லை என்பதை அவர் ஆராய்ந்தார். உருகுநிலையை எட்டியபின் சிறிதளவு வெப்பமே போதுமென்றால், இளவேனில் பிறந்ததும் மலைப்பனியெல்லாம் ஒரேயடியாக உருகி வெள்ளம் ஊர்களை அழித்திருக்க வேண்டுமே என்று வாதிட்டார். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி. ஒரு கிராம் கொதிநீர் ஆவியாக 540 கலோரி. இவ்வளவு வெப்பம் உள்ளே சென்றும் வெப்பமானிக்கு அது தெரிவதில்லை.

மறைந்திருக்கும் இந்த வெப்பத்துக்குத் தமிழ்ப் பாடநூல் சூட்டிய பெயர் உள்ளுறை வெப்பம். இலங்கைப் பாடநூல்களில் மறை வெப்பம் என்பார்கள். அதுவும் நல்ல சொல்லே. ஆனால் உள்ளுறை என்றதும் தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறை உவமம் இலக்கிய வாசகருக்கு நினைவில் எழாமல் இருக்காது. அங்கே கருப்பொருள்களின் காட்சி மட்டுமே சொல்லப்படும். தலைவன் தலைவியின் நிலை அதற்குள் மறைந்து கிடக்கும். சொல்லப்பட்டதை மட்டும் படிப்பவருக்குப் பாட்டு பிடிபடாது. வெப்பமானியின் எண்ணை மட்டும் படிப்பவருக்கும் அதுவே நேர்கிறது.

அவ்வாறு நேர்ந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். காற்று விழுந்த ஒரு சித்திரை நாளில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார் உப்புப் பாத்தியில் மயங்கி விழுந்தார். அவர் கண் விழித்ததும் கங்காணி சொன்னது இது: "வேலூருல நூத்தியாறு அடிக்குது. இங்க நூறுகூட ஆகல. அதுக்குள்ள என்னம்மா மயக்கம்?" நாளிதழ்களில் வெயில் சதமடிக்கும் கணக்கு அது. இரண்டு நாள் அவர் படுத்துக் கிடந்தார். இரண்டு நாள் கூலியும் போயிற்று.

கங்காணிக்கான மறுமொழி எங்கள் பாடநூலிலேயே இருந்தது, ஆனால் இரண்டு பாடங்களில் பிரிந்து கிடந்தது. வெப்பம் பரவும் வழிகள் மூன்று: கடத்தல், சலனம், கதிர்வீசல். ஓய்வில் இருக்கும் மனித உடலே ஏறத்தாழ 100 வாட் குண்டு விளக்கின் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. உப்பு வாரிச் சுமக்கையில் அது சில மடங்காகும். அதை வெளியேற்றியாக வேண்டும். அன்றைய 97 டிகிரி பாரன்ஹீட் என்பது 36 டிகிரி செல்சியஸ். தோலின் வெப்பநிலையோ ஏறத்தாழ 35. கடத்தலும் சலனமும் இனி உதவா. வெயிலும், வெள்ளை உப்பு திருப்பியடிக்கும் ஒளியும் கதிர்வீசலாக உள்ளேதான் வருகின்றன. எஞ்சுவது நான்காம் வழி ஒன்றே: வியர்வை ஆவியாதல். ஒரு லிட்டர் வியர்வை தோலின்மீது முழுவதும் உலர்ந்தால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். அந்த ஆவியாதல் வேறொரு பாடத்தில், பருப்பொருளின் நிலைகளோடு வைக்கப்பட்டிருந்தது.

வேலூரின் வறண்ட காற்றில் வியர்வை உலரும். கடலோரத்தின் ஈரக்காற்றில் அது வழிந்து சொட்டும். சொட்டும் வியர்வை வெப்பத்தைச் சிறிதும் சுமந்து செல்வதில்லை. காற்று விழுந்த நாளில் பாத்தியில் உப்பு விளைவதும் சுணங்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உப்புச் சுணங்கியதை அளத்தில் எல்லோரும் கவனித்தனர்.

ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி செல்சியஸ் காட்டும் நிலையை மனித உடல் நெடுநேரம் தாங்காது என்று 2010-இல் ஆய்வாளர்கள் கணித்தனர். நலமான இளைஞர்களைக் கொண்டு செய்து 2022-இல் வெளியிட்ட சோதனைகள், ஈரக்காற்றில் அந்த வரம்பு 31 டிகிரியை ஒட்டியே வந்துவிடுவதைக் காட்டின. வானிலை நிலையத்தின் வெப்பமானியோ நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. உப்பளத்தில் நிழல் இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலைக்கான வரம்பைச் சமவெளிக்கு 40, கடலோரத்துக்கு 37 டிகிரி என்று பிரித்து வைத்திருப்பது நியாயமானதே. தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்லதுதான். ஆனால் அது இறந்தபின் வருவது. உயிரோடிருப்பவருக்கு வேண்டியவை நிழல், தண்ணீர், நண்பகலில் கூலி பிடிக்காத ஓய்வு.

இவற்றைக் கேட்டுப் பெற, ஏன் வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருப்பதும் ஒரு வலிமை. அந்த வலிமை ஏழாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் வேறுபாடு தருக என்று கேட்பதற்குப் பதிலாக, 97 டிகிரியில் அந்தத் தாயார் ஏன் மயங்கினார் என்று ஆசிரியர்கள் தேர்வில் ஒருமுறை கேட்கலாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பாடநூலைத் தாண்டியும் எழுதுவார்கள்.